சுற்றுப்போட்டி நாளில் எது பிழைத்தால் எங்கே பார்ப்பது

கொழும்பில் ஒருநாள் அல்டிமேட் ஃப்ரிஸ்பி (டிஸ்க்கை எறிந்து கைமாற்றி, எதிர்முனையில் பிடித்துப் புள்ளி எடுக்கும், அணிக்கு 7 பேர் ஆடும் விளையாட்டு) சுற்றுப்போட்டி நடத்தும் ஆட்கள் வருடத்துக்கு வருடம் மாறுகிறார்கள், பிழைகள் மாறுவதில்லை. போன வருடம் ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டதை இந்த வருடம் இன்னொருவர் முதலிலிருந்து படுகிறார், ஏனென்றால் யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். 8 அணிகள், 2 மைதானங்கள், ஆண் பெண் கலப்பு அணிகள், ஒரே நாள் என்ற அளவுக்கு இது பொருந்தும். விளையாட வந்தவர்களே வேலையும் செய்கிறார்கள், யாருக்கும் சம்பளம் இல்லை. ஆகவே எந்தப் பிழைக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அங்கேயே அகப்பட்டுவிடும், யாருக்கோ சொல்ல வேண்டிய ஒன்று சொல்லப்படாமல் இருந்திருக்கும்.

## அட்டவணை பிந்துகிறது

அதிகம் வருவது இதுதான். எவ்வளவு பிந்தியது என்று கவலைப்படுவதற்கு முன்னால் எப்போதிருந்து பிந்துகிறது என்று பாருங்கள், காரணம் அதைப் பொறுத்தது.

### முதல் ஆட்டமே பிந்தியது

முதலில் கேற்றைப் பாருங்கள். திறப்பு யாரிடம் இருக்கிறது? மைதானத்துக்குக் காசு கட்டி, ரசீதும் கையில் வைத்துக்கொண்டு, காலை 6.15இலிருந்து 7.20 வரை பூட்டிய கேற்றுக்கு வெளியே நாங்கள் நின்றிருக்கிறோம். அலுவலகத்தில் பதிவு செய்தவருக்கும் இரவுக் கடமையில் இருந்த காவலாளிக்கும் இடையில் தகவல் போகவில்லை, அவ்வளவுதான். போட்டி சனிக்கிழமை என்பதால் இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருவர் நேரே போய், அன்றிரவு யார் கடமையில் இருப்பார் என்று கேட்டு, அவரோடேயே கதைத்துவிட்டு வருகிறோம். போன் அடித்துச் சொன்னால் போதாது.

கேற் திறந்திருந்தால் அடுத்தது அணிகள். 7.30க்கு ஆட்டம் என்று எழுதினால் 7.30க்குத்தான் வருவார்கள், அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. 7.00 வருகை, 7.10 கெப்டன்கள் கூட்டம், 7.30 முதல் எறி என்று மூன்று வரியாக எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ்ஸில் வரும் அணியை முதல் சுற்றில் போடாதீர்கள். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓட்டோ பிடித்து வர வேண்டும், அவர்களுக்கு 8.30 கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது.

மூன்றாவது வீதி. ஆடிவேல் ரதம் காலி வீதியில் போகும் நாளில், வெசாக் வார இறுதியில், நவம் பெரஹெரா நடக்கும் நாட்களில் நகரம் வேறு மாதிரி ஓடும். திகதி குறிக்கும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். மார்ச்சில் பாடசாலைகளின் பிக் மெட்ச் கிரிக்கெட் காலம் என்பதால் மைதானம் கிடைப்பதே கடினம்.

### காலையில் சரியாக ஓடியது, மத்தியானத்துக்குப் பிறகு பிந்துகிறது

இது ஆட்களின் பிழை இல்லை, கணக்கின் பிழை. 8 அணிகளை இரண்டு குழுவாகப் பிரித்தால் குழு ஆட்டங்கள் 12. அரையிறுதி 2, இறுதி 1, மூன்றாம் இடத்துக்கு 1, கீழ் நான்கு அணிகளுக்கு இட ஆட்டங்கள் 2. மொத்தம் 18, இரண்டு மைதானத்தில் 9 சுற்று. சுற்றுக்கு 60 நிமிடம் போட்டால் 7.30க்குத் தொடங்கி 4.30க்கு முடியும். தாளில் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் 7 நிமிடம் வழுக்கினால் 9 சுற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், பரிசளிப்பு 5.30ஐத் தாண்டும், நவம்பரில் கொழும்பில் 6 மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும்.

சரிபார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் உண்மையாகவே 10 நிமிடம் இருக்கிறதா? இரண்டாவது, நேரம் முடிந்தபின் என்ன செய்வது என்று எல்லோரும் ஒரே மாதிரி விளங்கிக்கொண்டிருக்கிறார்களா? வழமையான விதிப்படி நேரம் முடிந்தால் நடக்கும் புள்ளியை முடித்துவிட்டு, கூடிய ஸ்கோரோடு 1 கூட்டி அதை இலக்காக வைத்து ஆடுவார்கள். பெரிய போட்டியில் அது நியாயம். எங்கள் அளவுக்கு, பின்தங்கிய அணி எட்டிப்பிடிக்கப் பிடிக்க, அந்த 1ஐ எடுக்கவே 15 நிமிடம் போயிருக்கிறது. குழு ஆட்டங்களில் நாங்கள் வைத்திருக்கும் விதி: 45ஆவது நிமிடத்தில் ஹோர்ன், நடக்கும் புள்ளியை முடியுங்கள், ஸ்கோர் சமமாக இருந்தால் மட்டும் இன்னும் ஒரு புள்ளி. அரையிறுதிக்கும் இறுதிக்கும் வழமையான விதி.

### ஒரு மைதானம் மட்டும் பிந்துகிறது

இரண்டு மைதானத்துக்கும் ஒரே மணிக்கூடா, ஒரே ஹோர்னா என்று பாருங்கள். கெப்டன்கள் தங்கள் போனைப் பார்த்து நேரம் சொல்லும் இடத்தில் கட்டாயம் இது வரும். அப்புறம் டிஸ்க். மதிலுக்கு அப்பால் போன ஒரு டிஸ்க்கை எடுக்க 4 பேர் போகிறார்கள், ஆட்டம் நிற்கிறது. ஒவ்வொரு மைதானத்துக்கும் 175 கிராம் டிஸ்க் குறைந்தது இரண்டு வைத்திருங்கள். பிந்திய மைதானத்தின் ஆட்டத்தை மற்றதுக்கு மாற்றலாம்தான், மாற்றினால் பலகையில் எழுதி, வாட்ஸ்அப்பில் போட்டு, இரண்டு கெப்டனிடமும் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஒரு அணி எங்கேயோ மர நிழலில் படுத்திருக்கும்.

### எப்போது வெட்ட வேண்டும்

மத்தியானம் 12.30க்கு 40 நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தால் இனி அது தானாகச் சரிவராது. அப்போதே கெப்டன்களைக் கூப்பிட்டுக் கீழ் இட ஆட்டங்களைச் சுருக்குங்கள். 4 மணிக்கு வெட்டினால், நாள் முழுக்கக் காத்திருந்து ஆடாமல் வீட்டுக்குப் போகும் அணி திரும்ப வராது. அந்த அணிதான் பெரும்பாலும் புதிதாக விளையாடத் தொடங்கிய பொடியன்களும் பிள்ளைகளும். எனக்கு இதில் மிகவும் நோவது அதுதான்.

## கடைசி நேரத்தில் ஒரு அணி வரவில்லை

வியாழக்கிழமை தெரிந்தால் நல்ல காலம். ஆட்கள் போதாமல் விலகும் அணியாக இருந்தால், அதில் வரக்கூடிய 5 பேரையும் தனியாகப் பெயர் கொடுத்தவர்களையும் சேர்த்து ஒரு கலவை அணி போட முடியுமா என்று முதலில் பாருங்கள். இதற்காகவே பதிவுப் படிவத்தில் ‘அணி இல்லை, ஆட ஆசை’ என்ற ஒரு வரி வையுங்கள். அது முடியாவிட்டால் 7 அணிக்கான அட்டவணை கையில் இருக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் இருந்து யோசிக்கக்கூடாது. 7, 8 இரண்டுக்கும் முன்கூட்டியே செய்து வைப்பது ஒரு மணி நேர வேலை.

வைப்புப் பணம் வாங்கினால் விலகல் குறையும் என்பது உண்மை. ஆனால் பாடசாலை, பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் அதைக் கண்டிப்பாக வாங்காதீர்கள், அவர்கள் விலகுவது காசைப் பொருட்படுத்தாமல் இல்லை, பரீட்சைத் திகதி மாறுவதால்.

## ஆட்டம் நின்று நின்று நடக்கிறது, வாக்குவாதம்

அல்டிமேட்டில் நடுவர் இல்லை, ஆடுகிறவர்களே பவுல் சொல்லி, ஏற்றோ மறுத்தோ முடிவெடுக்கிறார்கள். அதுதான் இந்த விளையாட்டின் உயிர். ஆகவே ஏற்பாட்டாளர் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் பிழையை நீக்கவில்லை, இன்னொரு பிழையைச் சேர்க்கிறோம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டியதில்லை.

### ஒவ்வொரு நிறுத்தமும் நீளுகிறது, கோபம் இல்லை

விதி தெரியாததுதான் காரணம். புதிய அணிகளில் ‘பிக்’ (இடையில் வேறொருவர் மறித்ததால் தன் ஆளைப் பின்தொடர முடியாமல் போவது) என்றால் என்ன, ட்ரவல் (டிஸ்க்கைப் பிடித்தபடி கால் நகர்வது) சொன்னால் டிஸ்க் எங்கே போகும் என்று அங்கேயே நின்று படிக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்: இருவரும் ஒத்துவரவில்லையென்றால், சர்ச்சை இல்லாமல் கடைசியாக டிஸ்க்கை வைத்திருந்தவரிடம் அது திரும்பப் போகும், ஆட்டம் தொடரும். இது தெரிந்தால் யாரும் வெல்ல வேண்டிய அவசியமில்லாத வாக்குவாதம் ஆகிவிடும். நாங்கள் அதற்கு 45 வினாடி வரம்பும் வைத்திருக்கிறோம்.

### கலப்பு விகிதத்தில் குழப்பம்

4 ஆண் 3 பெண்ணா, 4 பெண் 3 ஆணா என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டில் நின்று எண்ணுகிறார்கள். முதல் புள்ளிக்கு நாணயம் போல டிஸ்க்கைச் சுண்டி வென்றவர் விகிதத்தைத் தெரிவார், அதன்பின் 2 புள்ளிக்கு மற்றது, அடுத்த 2க்கு முதலாவது, இப்படியே இரண்டிரண்டாக மாறும், அரை நேரம் இதைப் பாதிக்காது. இரண்டு அணியின் ஸ்கோரையும் கூட்டுங்கள். 0 என்றால் முதல் விகிதம், 1 அல்லது 2 என்றால் மற்றது, 3 அல்லது 4 என்றால் மறுபடி முதலாவது, 5, 6 மற்றது. ஸ்கோர் பலகையின் பின்னால் இதை ஒட்டி வைத்தால் கேள்வியே வராது.

### கோபம், மோதல், ஒரே இருவர் திரும்பத் திரும்ப

முதலில் மொழியைப் பாருங்கள். கொழும்பில் ஒரே மைதானத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கதைப்பார்கள், ஒருவர் தன் அணிக்குத் தன் மொழியில் ‘கவனம், இடிக்காதே’ என்று சொன்னதை மற்றவர் தன்னைத் திட்டியதாக எடுத்த சம்பவம் என் கண் முன்னால் நடந்தது. மூன்று மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றாலே பாதிச் சூடு இறங்கும். சைகைகள் கட்டாயம், பவுல், ட்ரவல், மறுப்பு மூன்றுக்குமாவது.

அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பிரிட் கெப்டன், அதாவது அணியின் ஆட்ட நடத்தைக்குப் பொறுப்பானவர், ஸ்பிரிட் டைம் அவுட் கேட்கலாம். இரண்டு அணியும் ஒரே வட்டமாக நின்று கதைப்பது அது, தங்கள் ஆட்டத் திட்டம் பேசுவதற்கில்லை. கேட்கப் பயப்படுகிறார்கள், ஏதோ மற்ற அணிமேல் குற்றம் சாட்டுவது போல நினைத்து. காலையில் ஏற்பாட்டாளரே ‘கேளுங்கள், யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள்’ என்று சொல்லிவிட வேண்டும்.

### எப்போது நீங்கள் தலையிட வேண்டும்

கை ஓங்கினால், இனத்தையோ மொழியையோ உடலையோ சொல்லித் திட்டினால், அபாயகரமான மோதலைச் சொல்லியும் திரும்பச் செய்தால். அப்போது வட்டம் கூட வேண்டியதில்லை, அந்த ஆளை அன்றைக்கு நிறுத்துங்கள். இந்த வரியை பதிவுப் படிவத்திலேயே எழுதி வைத்திருந்தால் அன்று விவாதிக்கத் தேவையில்லை.

## ஸ்பிரிட் புள்ளிகள் வரவில்லை, வந்தாலும் எல்லாம் 10

ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் நடத்தைக்கு ஒவ்வொரு அணியும் போடும் புள்ளி இது. வராததற்குக் காரணம் எளிது: தாளும் பேனாவும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. ஆட்டம் முடிந்து வட்டமாக நிற்கும்போதே தாளைக் கையில் கொடுங்கள், ஸ்கோரும் ஸ்பிரிட் தாளும் வந்தால்தான் அடுத்த ஆட்டம் என்று வையுங்கள். கூகுள் படிவம் நல்லதுதான், வியர்த்த கையோடும் 3 சதவீத பற்றரியோடும் அது நடக்காது.

எல்லோரும் 10 போட்டால், அது பிழை என்று சொல்ல முடியாது. விதி அறிவும் பயன்பாடும், பவுலும் உடல் மோதலும், நியாயம், மனப்பாங்கும் தன்னடக்கமும், உரையாடல் என்று 5 தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, சாதாரண நல்ல ஆட்டத்துக்கு 2 என்பதால் 10 வருவது இயல்பு. ஆனால் 18 ஆட்டத்திலும் 10 என்றால் வாசிக்காமல் போடுகிறார்கள். கெப்டன் தனியாக எழுதுவதை நிறுத்தி அணியாகக் கதைத்து எழுதச் சொல்லுங்கள், 1ம் 3ம் தானாக வரத் தொடங்கும்.

## யார் அரையிறுதிக்கு என்று குழப்பம்

மூன்று அணிகள் 2 வெற்றியோடு சமமாக நின்றால் எல்லோரும் மொத்தப் புள்ளி வித்தியாசத்தைக் கணக்கிட்டுக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். முதலில் சமநிலையில் உள்ள அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுங்கள். அங்கே யார் அதிகம் வென்றார்? அதுவும் சமம் என்றால் அந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். உதாரணத்துக்கு அ அணி ஆவை 9-7, ஆ அணி இயை 10-6, இ அணி அவை 8-7 வென்றிருந்தால் ஆ +2, அ +1, இ -3. அ அணி கடைசி அணியை 13-1 என்று வென்றிருந்தாலும் ஆதான் முதலிடம். இடையில் ஒரு அணி பிரிந்து, மற்ற இரண்டும் இன்னும் சமமாக இருந்தால் அந்த இரண்டுக்கும் முதலாவது விதியிலிருந்து மறுபடி பாருங்கள். இந்த உதாரணத்தை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை 2 மணிக்கு விதியை அறிவித்தால், அது எவ்வளவு நியாயமான விதியாக இருந்தாலும், யாருக்காகவோ செய்ததாகத்தான் தெரியும்.

## கோடு கோணலாக இருக்கிறது

37 மீற்றர் அகலம், நீளத்தில் நடுப்பகுதி 64, இரண்டு முனையிலும் புள்ளி எடுக்கும் பகுதி 18, 18, மொத்தம் 100. கோணலைப் பிடிக்க மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள், நடுப்பகுதியில் இரண்டு மூலைவிட்டமும் 73.9 மீற்றர் வர வேண்டும். புறக்கோட்டையில் வாங்கிய நைலோன் கயிறு ஒன்றில் 18, 37, 64, 73.9க்கு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம், இருவர் 20 நிமிடத்தில் முடிப்பார்கள். நனைந்தால் கயிறு இழுபடும், வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து முடிச்சை மாற்றுங்கள்.

## வானம் இருட்டுகிறது

மழை மட்டும் என்றால் ஆடலாம். மைதானக்காரர் புல் கெட்டுவிடும் என்று சொன்னால் நிறுத்துங்கள், அடுத்த வருடமும் அந்த மைதானம் வேண்டும்.

இடி வேறு. மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் ‘பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை’ என்று வந்தால் அதை நம்பி, அந்த மாதங்களில் இறுதி ஆட்டத்தை 1.30க்குள் முடிக்கும்படி சிறிய போட்டி வையுங்கள். மின்னல் கண்டு 30 வினாடிக்குள் இடி கேட்டால் இரண்டு மைதானமும் உடனே நிற்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகும் வரை யாரும் இறங்கக்கூடாது. ஒவ்வொரு இடிக்கும் அந்த 30 நிமிடம் மறுபடி தொடங்கும். மரத்தடியும் கூடாரமும் ஒதுங்கும் இடமில்லை. கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய வான் அல்லது கார். காலையிலேயே எந்த அணி எங்கே ஒதுங்குவது என்று காட்டிவிடுங்கள். இதில் கெப்டன்களிடம் வாக்கெடுப்பு வேண்டாம், வேறு எதிலும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு புள்ளிதானே மிச்சம் என்று கெஞ்சுவார்கள், அப்போதும் நிறுத்துங்கள்.

## ஒருவர் விழுந்துவிட்டார்

தசைப்பிடிப்பு, தலைச்சுற்று என்றால் நிழல், தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல்), ஓய்வு. 19 லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் 11 மணிக்கே முடிகிறது என்றால் தண்ணீரில் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். வேறு எதிலும் பிடியுங்கள், அதில் பிடிக்காதீர்கள்.

கணுக்கால் பிரண்டு 4 அடி எடுத்து வைக்கக்கூட முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஸ்பிரே அடித்து மறுபடி இறக்காதீர்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினாலோ வாந்தி எடுத்தாலோ அன்று ஆட்டம் முடிந்தது, தானே சரி என்று சொன்னாலும் தனியாக விடாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

உடம்பு கொதித்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது சாதாரணக் களைப்பு இல்லை. 1990 சுவசெரியவுக்கு உடனே அடியுங்கள், கட்டணம் இல்லை, வரும் வரைக்கும் நிழலில் வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். எந்தக் கேற்றால் வர வேண்டும் என்று சொல்லி, ஒருவரை அங்கே நிறுத்துங்கள். முடிந்தால் சென் ஜோன் அம்புலன்ஸ் போன்ற முதலுதவிக் குழு ஒன்றை முன்கூட்டியே கூப்பிடுங்கள், 100 பேருக்கு மேல் கூடும் போட்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது.

## காசு இடிக்கிறது

8 அணி பதிந்தாலும் 6 அணியின் கட்டணத்தில் மைதானமும் தண்ணீரும் முதலுதவியும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லையென்றால் ரீசேட்டை நிறுத்துங்கள், அப்புறம் கேடயம், அப்புறம் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் எடுக்க வேண்டும், இரண்டு மைதானத்துக்கு ஒரு ஹோர்னும் ஒரு பலகையும் போதும்.

## 3 மணிக்குத் தொண்டர்களைக் காணவில்லை

ஓடிப்போகவில்லை, களைத்துவிட்டார்கள். காலை 6 மணிக்கு எல்லைக் கோன் வைத்த அக்கா, 3 ஆட்டம் ஆடி, இடையில் ஸ்கோர் எழுதி, இப்போது எங்கேயோ நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். யாருக்கு என்ன வேலை, எத்தனை மணி வரை என்று பலகையில் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘எல்லோரும் உதவுங்கள்’ என்றால் அதே 4 பேர்தான் செய்வார்கள். ஒரு சுற்று ஓய்வாக இருக்கும் அணியே அந்தச் சுற்றின் ஸ்கோரையும் ஹோர்னையும் பார்க்கட்டும், அட்டவணையிலேயே அதை எழுதுங்கள். சாமான் ஏற்றுவதும் குப்பை அள்ளுவதும் அரையிறுதிக்கு வராத அணிகளுக்கு வேண்டாம், அவர்கள் போய்விடட்டும், அது இறுதியாட்டம் ஆடும் இரண்டு அணிக்கும். வென்றவர்கள் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கோன் பொறுக்குவார்கள், எங்கள் போட்டியில் மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறது. பரிசளிப்புக்கு முன் கோன் வைத்த அக்காவுக்கு யாராவது ஒரு செவ்விளநீர் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போக ஓட்டோவும் பிடித்துக் கொடுங்கள்.